கோடைச் சமூக முகாம்களில் நடுநிலை வகுப்பு மாணவர்களின் பங்கேற்பு

பள்ளி விடுமுறைக் காலத்தில் ஊர் நூலகம், ஊராட்சி, இளைஞர் மன்றம், தன்னார்வ அமைப்பு போன்றவை அப்பகுதிக் குழந்தைகளுக்காகக் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ நடத்தும் நிகழ்ச்சி கோடைச் சமூக முகாம் எனப்படும். தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் பெரும்பாலும் மே மாதத்தில் நடைபெறுகின்றன. கதை சொல்லல், ஓவியம், விளையாட்டு, எளிய அறிவியல் சோதனை ஆகியவை இவற்றில் பொதுவாக இடம்பெறும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் ஆர்வத்துடன் வந்து சேர்கிறார்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும், 11 முதல் 14 வயது வரையிலான மாணவர்கள் முதல் இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடுவதே வழக்கம். அவர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள், எவ்வாறு தொடர்ந்து வரச் செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வயதின் முக்கியத்துவம்

கோடை விடுமுறையில் கற்றது மறந்துபோவது பற்றி அமெரிக்காவில் நெடுங்காலமாக ஆய்வுகள் நடந்துள்ளன. ஆரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கோடை முடிவில் மாணவர்களின் தேர்ச்சி சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குவதாகவும், கணக்கில் இது கூடுதலாக இருப்பதாகவும் அவர்கள் மதிப்பிட்டனர். இழப்பு உண்மையில் எவ்வளவு என்பது பற்றிப் பின்வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தமிழ்நாட்டுச் சூழலில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உள்ளது. மே மாதம் வீட்டில் இருக்கும் மாணவர் ஜூனில் பள்ளிக்குத் திரும்புவாரா என்பதே அது. நடுநிலைப் பள்ளிகள் 8ஆம் வகுப்போடு முடிகின்றன. அதன்பின் வேறு ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ செல்ல வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்குவது, புதிய பள்ளியில் சேர்வது, பேருந்து நேரம் பார்ப்பது என எல்லாம் இந்த விடுமுறையில்தான் நடந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் படிப்பு நின்றுபோகக்கூடும்.

சட்டமும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயது நிறையாதவர்களை எத்தொழிலிலும் பணிக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குழந்தை உதவி செய்யலாம் என்று விலக்கும் அளிக்கிறது. கடையில் அப்பாவுக்குத் துணையாக நிற்கும் 13 வயதுச் சிறுவன் விடுமுறை முடிந்தும் அங்கேயே நின்றுவிடுவதற்கு இடையே இருப்பது சில வாரங்களே. அந்த வாரங்களில் அவனைப் பள்ளியோடும் நண்பர்களோடும் இணைத்து வைப்பது முகாம் ஆற்றக்கூடிய முதன்மையான பணியாகும்.

வராமைக்கான காரணங்கள்

இவ்வயதினர் முகாமைத் தவிர்ப்பதற்கு ஆர்வமின்மை மட்டுமே காரணம் அன்று.

முதலாவது, முகாம் சிறு பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம். ஏழாம் வகுப்பு மாணவரை மூன்றாம் வகுப்புக் குழந்தையோடு உட்காரவைத்துக் காகிதத்தில் பூச்செய்யச் சொன்னால் அவர் மறுநாள் வரமாட்டார். நண்பர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சம் இவ்வயதில் மிகுதி.

இரண்டாவது, வீட்டு வேலை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் பிடித்துவைப்பதும் மூத்த பிள்ளையின் பொறுப்பாகிவிடுகின்றன.

மூன்றாவது, பெண் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு. வயதுக்கு வந்தபின் மகளைத் தனியே வெளியே அனுப்பப் பல குடும்பங்கள் தயங்குகின்றன. பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும் முகாமுக்கு அனுப்ப யோசிப்பதுண்டு.

நான்காவது, உணவு. சத்துணவு பள்ளி வேலை நாள்களில் வழங்கப்படுவது. விடுமுறையில் அந்த ஒரு வேளை உணவு இல்லாமல் போகிறது. பசியோடு இருப்பவர் முகாமில் நீண்ட நேரம் அமர்ந்திருக்க முடியாது.

ஐந்தாவது, பயணமும் விழாக்களும். கோயில் திருவிழா, உறவினர் திருமணம், தாத்தா பாட்டி வீடு என மே மாதத்தில் ஊரே நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் தவறினால் அடுத்த பாடம் புரியாது என்ற முறையில் அமைந்த முகாம் இவர்களை இழந்துவிடும்.

பங்கேற்பு என்பதன் பொருள்

குழந்தைகளின் பங்கேற்பை விளக்க ராசர் ஆர்ட் என்பவர் 1992இல் யுனிசெப் வெளியிட்ட தம் நூலில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை முன்வைத்தார். கீழ்ப்படிகள் மூன்றும் உண்மையான பங்கேற்பு அல்ல என்பது அவர் கருத்து. குழந்தைகளைப் பெரியவர்களின் நோக்கத்துக்குப் பயன்படுத்துதல், அலங்காரமாக நிறுத்துதல், பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவை அம்மூன்று படிகள். மேலே செல்லச் செல்லக் குழந்தைகள் விவரம் அறிந்து செயல்படுகின்றனர், கருத்துச் சொல்கின்றனர், தாமே தொடங்கி நடத்துகின்றனர்.

நம் முகாம்களின் நிறைவு விழாவை இந்த ஏணியில் வைத்துப் பார்க்கலாம். விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்கவும் மேடையில் ஆடவும் மட்டும் மாணவர்கள் அழைக்கப்பட்டால் அது இரண்டாம் படியான அலங்காரம். யாரை விருந்தினராக அழைப்பது, எதைக் காட்டுவது என்பதை மாணவர்களே பேசி முடிவெடுத்தால் அது மேல்படி. 11 வயதைக் கடந்தவர்கள் இந்த வேறுபாட்டை உடனே உணர்ந்துகொள்கிறார்கள். தமக்குப் பொறுப்பு இருக்கும் இடத்துக்கு மறுநாளும் வருகிறார்கள்.

ஈடுபடுத்தும் முறைகள்

பொறுப்புப் பகிர்வு: முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். வருகைப் பதிவு, குடிநீர், நூல் இரவல், விளையாட்டுப் பொருள்கள், சிறு குழந்தைகளுக்குக் கதை வாசித்தல் என வேலைகளைப் பிரித்து வாரந்தோறும் மாற்றலாம். அந்த வேலை உண்மையானதாக இருப்பது முக்கியம். நூல் இரவல் பொறுப்பாளர் வராவிட்டால் அன்று நூல் கிடைக்காது என்ற நிலை இருந்தால்தான் அது பொறுப்பாகும். அவர் ஊருக்குப் போவதானால் வேறொருவரிடம் ஒப்படைத்துச் செல்லவும் கற்றுக்கொள்வார்.

ஊரைப் பாடமாக்குதல்: ஊரிலுள்ள கிணறு, குளம், பழைய மரங்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து வரைபடம் தயாரிக்கலாம். முதியவர்களிடம் பழைய விளையாட்டுகளின் விதிகளைக் கேட்டு எழுதலாம். இவற்றைத் தொகுத்துக் கையெழுத்து இதழாக வெளியிட்டால் அது நூலகத்தில் நிலைத்திருக்கும். நீர்நிலைகளுக்குப் பெரியவர் துணையின்றிச் செல்லக் கூடாது. கோடையில் குளங்களிலும் கிணறுகளிலும் சிறுவர்கள் மூழ்கி இறக்கும் செய்திகள் ஆண்டுதோறும் வருவதால், இந்த விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

விடை தெரியாத கேள்வி: பாடநூலில் விடை உள்ள கேள்வியைவிடத் தாமே அளந்து அறிய வேண்டிய கேள்வி இவ்வயதினரை ஈர்க்கும். நிழல் அளவைச் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 100 செ.மீ. நீளமுள்ள குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, பகல் 11.50 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த நீளமே நண்பகல் நிழல். மே மாதத்தில் தமிழ்நாட்டில் அந்த நிழல் தெற்கு நோக்கி விழுவதைக் காணலாம். சூரியன் அப்போது நம் தலைக்கு மேலிருந்து வடக்கே சென்றிருப்பதே காரணம்.

மே நடுவில் மதுரையில் இந்நிழல் ஏறத்தாழ 16 செ.மீ., சென்னையில் ஏறத்தாழ 10 செ.மீ. இருக்கும். இரு ஊர் முகாம்களும் ஒரே நாளில் அளந்து தொலைபேசியில் பகிர்ந்துகொண்டால், சூரியக் கதிரின் கோணத்தில் 3 பாகைக்குச் சற்று மேல் வேறுபாடு கிடைக்கும். இரு ஊர்களுக்கும் தென்வடலாக உள்ள தொலைவு சுமார் 350 கி.மீ. முழு வட்டத்தின் 360 பாகைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்கு அருகில் வரும். ஒரு செ.மீ. தவறாக அளந்தாலும் விடை பெரிதும் மாறிவிடும். எங்கே பிழை நேர்ந்தது என்று இரு ஊர் மாணவர்களும் விவாதிப்பதில்தான் இச்சோதனையின் பயன் உள்ளது.

நேரமும் உணவும்: நிழல் அளவை போன்ற சிறு விலக்குகள் தவிர, உச்சி வெயில் நேரத்தை ஒதுக்கிக் காலை 7 முதல் 10 வரையோ மாலை 4.30 முதல் 6.30 வரையோ முகாமை நடத்துவது நல்லது. வீட்டு வேலை உள்ளவர்களுக்கும் இந்நேரம் ஒத்துவரும். தம்பி தங்கையை அழைத்துவர அனுமதித்துச் சிறுவர்களுக்குத் தனி மூலை ஒதுக்கலாம். சுண்டல், கம்பங்கூழ், நீர்மோர் போன்ற எளிய உணவை ஊராரின் உதவியோடு வழங்கலாம்.

பெண் குழந்தைகளின் வருகை: பெற்றோருக்குத் தெரிந்த ஓர் அக்கா வீடு தேடிச் சென்று பேசுவது துண்டறிக்கை விநியோகிப்பதைவிடப் பயன் தரும். ஒரே தெருப் பெண்கள் சேர்ந்து வந்து சேர்ந்து திரும்பும் ஏற்பாடு, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, குறித்த நேரத்தில் முடித்தல் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் அழைப்புக்கு மதிப்பில்லை.

பாதுகாப்பு

முகாமில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. தன்னார்வலர்களுக்குப் போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய அடிப்படை அறிவு தேவை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 முகாம் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண்ணும் முதலுதவிப் பெட்டியும் கையில் இருத்தல் அவசியம்.

வெற்றியை அளத்தல்

தொடக்க விழாவில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கொண்டு முகாமின் வெற்றியைக் கணிப்பது தவறு. அமெரிக்காவில் ஐந்து பள்ளி மாவட்டங்களில் 2013இல் தொடங்கி ராண்ட் நிறுவனம் நடத்திய ஆய்வு தொடர் வருகையின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. ஐந்தாறு வார முகாம்களில் 20 நாள்களோ அதற்கு மேலோ வந்த மாணவர்கள் கணிதத்தில் முன்னேற்றம் காட்டினர். அவர்கள் மூன்றாம் வகுப்பு முடித்த குழந்தைகள். எனினும் வந்து போவதற்கும் தொடர்ந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு எல்லா வயதினருக்கும் பொருந்தும் என்று கருதலாம்.

ஆகவே முகாம் நடத்துவோர் மூன்று எண்களைக் குறித்துவைக்கலாம்: இரண்டாம் வாரத்தில் வந்த 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுள் பொறுப்பு ஏற்றவர்கள் எத்தனை பேர், ஜூனில் பள்ளிக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர். எட்டாம் வகுப்பு முடித்தவர்களைக் குழுவாகப் புதிய பள்ளிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுவதும் மாற்றுச் சான்றிதழ் வாங்க உதவுவதும் மூன்றாம் எண்ணை உயர்த்தும். பள்ளி திறந்த முதல் வாரத்தில், முகாமுக்கு வந்தும் பள்ளிக்கு வராத மாணவரின் வீட்டுக்கு ஒருவர் சென்று விசாரிக்க வேண்டும். அந்த வீட்டைத் தேடிச் செல்லும்போதுதான் கோடை முகாமின் வேலை முடிகிறது.