வெளுக்காத பச்சை

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் ஒரு நிறத்தைக் கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடுவதில்லை; லைட் பாக்ஸில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்து, செனான் விளக்கொளியில் நாள்கணக்கில் வாட்டி, வெளுப்பு எவ்வளவென்று 1 முதல் 8 வரை மதிப்பிட்ட பிறகே ‘ஓகே’ சொல்வார்கள். உயிருள்ள செல்லுக்குள் ஒளிரும் புரதத்தைச் செலுத்தி வேவு பார்க்கும் விஞ்ஞானிகளுக்கும் பிரகாசத்தைவிடப் பெரிய கவலை இந்த நம்பகமே.

1961ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில், நம் கடற்கரையார் ‘சொறி’ என்று வலையிலிருந்து உதறித் தள்ளும் இனத்தைச் சேர்ந்த ஜெல்லி மீன்களை ஆயிரக்கணக்கில் பிடித்துப் பிழிந்த விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா, தேடிச் சென்றது வேறொரு நீல ஒளிப் பொருளையே ஆயினும், அதனுடன் உபரியாகக் கிடைத்த பச்சைப் புரதமே உலகப் பிரசித்தி பெற்றது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவைப் புழுவொன்றின் நரம்புச் செல்களில் ஏற்றி ஒளிரச் செய்தார்.

238 அமினோ அமிலங்கள் கோத்த இப்புரதத்தில் 65, 66, 67ஆம் இடத்தவை மூன்றும் தாமே வளைந்து பிணைந்து, ஆக்ஸிஜன் பட்டு, ஒளிரும் கருவாகின்றன. 67ஆம் இடத்தில் கிளைசீன் இல்லாவிடில் ஒளியே பிறவாது. அமினோ அமிலங்களில் மிகத் தாராளமாகத் திரும்பவல்லது கிளைசீன்; புரதச் சங்கிலியில் எந்தக் கோணங்கள் சாத்தியம் என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரைபடமாக்கியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனுமே என்பதில் நமக்குச் சற்றுக் கர்வம் இருக்கலாம்.

65ஆம் இடத்துச் செரீனை மாற்றி ஒளியைப் பெருக்கியவர் ரோஜர் சியன். ஆனால் தொல்லைகள் பிரகாசத்தோடு ஒழியவில்லை. செல்லின் அமிலப் பைகளுக்குள் பச்சை மங்குகிறது. ஒளி பாய்ச்சப் பாய்ச்ச வெளுக்கிறது. பவள இனத்திலிருந்து வந்த சிவப்புப் புரதமோ நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு, எந்தப் புரதத்தைக் காட்டவேண்டுமோ அதையே இடம் பெயர்த்துவிடும். சாட்சியே வழக்கைக் குழப்பினால் படத்தை எவ்விதம் நம்புவது? அந்தச் சிவப்புப் புரதத்தைத் தனித்தனியாகப் பிரிக்க 33 மாற்றங்கள் தேவைப்பட்டன.

2022இல் ஜப்பானின் அட்சுஷி மியாவாகி குழுவினர் மற்றொரு ஜெல்லி மீனிலிருந்து ஆக்கிய ‘ஸ்டேகோல்ட்’ என்ற ஒளிரும் புரதம், முந்தையவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வெளுப்பைத் தாங்கியது. எனினும் இரட்டையாகவே ஒட்டி நின்றது. பின்னர் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் மோகன் பாலசுப்ரமணியன் குழுவினர், 138ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலத்தை அகற்றி அஸ்பார்டிக் அமிலத்தை வைத்து அதைப் பிரித்தனர். இவ்விரண்டு அமிலங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுமே.