தாத்தா காலத்து அம்பாசடரை ரோட்டுக்கு எடுக்கப் போறீங்களா? முதல்ல பிரேக்கைப் பாருங்க!

ஷெட்டில் பல வருஷமா தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அம்பாசடர். துடைத்து, பெயின்ட் அடித்து, புது பேட்டரி மாட்டியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு ஈசிஆரில் ஒரு ரவுண்டு. சிக்னலுக்கு சிக்னல் பக்கத்து வண்டிக்காரர்கள் செல்போனை நீட்டி போட்டோ எடுக்கிறார்கள். எல்லாம் சரி. முன்னால் போகும் கார் திடீர்னு பிரேக் அடிச்சா என்ன செய்வீங்க?

பழைய கார் ஓட்டுவதில் இருக்கும் ஆபத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

ரோடு மாறிடுச்சு, கார் மாறலை

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து 1957-ல் வந்த அம்பாசடர், 2014 வரை தயாரானது. பிரீமியர் பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே தலைமுறைதான். இவை எல்லாமே 1950-களின் வடிவமைப்புகள்.

இன்று உங்களுக்கு முன்னால் போகும் கார் அப்படி இல்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புது கார்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அந்த டிரைவர் பெடலை மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கார் சட்டென்று நிற்கும். உங்கள் பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதிக்கும் பலம் முழுக்க உங்கள் காலில் இருந்துதான் வரவேண்டும். ஓங்கி மிதிச்சா சக்கரம் லாக் ஆகி வண்டி வழுக்கும்.

ஒரு சின்ன கணக்கு. 80 கிமீ வேகத்தில் கார் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்ட் என்று வைத்தாலும் 33 மீட்டர் போய்விட்டது. இது எந்தக் காருக்கும் பொது. பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரத்தில்தான் பழைய கார் தோற்கிறது. அந்த தூரம், 60-ல் போவதைவிட 80-ல் போனால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதனால்தான் 60-ஐத் தாண்டாதீங்கன்னு பழைய மெக்கானிக்குகள் சொல்வாங்க.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் நாலு செகண்ட் இடைவெளி வேண்டும். முன் வண்டி ஒரு கரன்ட் கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிங்க. நாலு எண்ணுவதற்கு முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிப் போறீங்கன்னு அர்த்தம். 'நம்ம ஊர்ல அவ்வளவு கேப் விட்டா நடுவுல ஒரு ஆட்டோவும் ரெண்டு பைக்கும் நுழையுமே' என்று கேட்கலாம். நுழையட்டும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்குங்க.

சூடானாலும் வம்பு, நனைஞ்சாலும் வம்பு

டிரம் பிரேக்கில் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வழி முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் பெடல் மிதிபடும், வண்டி மட்டும் நிற்காது. மேலே ஏற எந்த கியர் தேவையோ, அதே கியரில் இறங்குவதுதான் வழி. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பழைய காரில் அது உயிரோடு விளையாடுவது.

மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் ஈரம் நிற்கும். அடுத்த சில முறை பிரேக் சரியாகப் பிடிக்காது. தண்ணீரைத் தாண்டியதும், பின்னால் வண்டி இல்லாத இடத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

இன்னொரு எதிரி வெளியே தெரியாது: பிரேக் ஆயில். வண்டி சும்மா நின்றாலும் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். பல பழைய கார்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு இடத்தில் கசிந்தால் மொத்தமும் காலி. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாத்துங்க, ரப்பர் ஹோஸ்களையும் மாத்துங்க.

கிளம்பும் முன் ஒரு சோதனை: பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பெடல் மெல்ல கீழே இறங்கினால் எங்கோ கசிவு. வண்டியை ஷெட்டிலேயே விட்டுடுங்க.

பின்னால் வர்றவருக்கு உங்களைத் தெரியுதா?

பழைய காரின் பின் விளக்கு சின்னது, மங்கலானது. ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால், சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் இன்னும் குறையும். பிரேக் லைட்டுக்கு எல்இடி பல்பு போடுவது செலவு குறைந்த, பலன் அதிகமான மாற்றம். டிக்கியில் ஒரு சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் இருக்கட்டும். கை சிக்னல் காட்டுவதில் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பாதீங்க. இளம் டிரைவர்கள் பலருக்கு அது எதற்கென்றே தெரியாது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்து.

மோதினால்?

பழைய கார் 'இரும்பு, ஒண்ணும் ஆகாது' என்பது பெரிய மூடநம்பிக்கை. புது காரின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பழைய காரில் அந்த அடி உள்ளே இருப்பவர் மேல் இறங்கும். ஸ்டீயரிங் கம்பி மடங்காது, டிரைவரின் நெஞ்சுக்கு நேராக நிற்கும். ஏர்பேக் கிடையாது.

புது கார்களின் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயமானதே 1994-ல்தான். அதற்கு முந்தைய காரில் பெல்ட் மாட்டும்போது ஒன்றைக் கவனிங்க. துருப்பிடித்த தரைத் தகட்டில் போல்ட் போட்டால், மோதும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனமான இரும்புத் தகடு வைத்துப் பொருத்தச் சொல்லுங்க. குழந்தைகளை முன் சீட்டில், மடியில் உட்கார வைக்கவே கூடாது.

பெட்ரோலும் மாறிடுச்சு

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காரின் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலை மனதில் வைத்து செய்யப்பட்டவை இல்லை. ஊறி, வெடித்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாத்துங்க. பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பாதீங்க. ஒரு சின்ன தீயணைப்பான், டிக்கியில் இல்லாமல், சீட்டுக்குப் பக்கத்திலேயே கைக்கெட்டும்படி இருக்கட்டும்.

டயர்? பட்டன் தேயவில்லை என்பதை நம்பாதீங்க. பக்கவாட்டில் கடைசி 4 இலக்கம் பாருங்க. 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. பத்து வருஷம் ஆகியிருந்தால், புதுசு மாதிரி இருந்தாலும் தூக்கிப் போடுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யாத தனியார் வண்டிகளை 'விண்டேஜ்' எனப் பதியலாம். புதிதாகப் பதியும் வண்டிக்கு நம்பரில் 'வி.ஏ.' என்று வரும்; ஏற்கெனவே பதிந்த வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் இப்படிப் பதிந்த காரை தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில தேவைகளுக்கு மட்டுமே ரோட்டுக்கு எடுக்கலாம். கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவதும் வணிகப் பயன்பாடுதான், அனுமதி இல்லை.

சாதாரண பதிவிலேயே தொடர்வதாக இருந்தால், 15 வருஷம் தாண்டிய பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ-வில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். ஆர்.சி. காலாவதியான வண்டியில் ஒரு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் பணத்துக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும். அதனால் முதல் ரவுண்டுக்குக் கிளம்பும் முன், ஆர்.சி.யில் இருக்கும் தேதியை ஒருமுறை எடுத்துப் பாருங்க.