முதிய பெண் முயலும் கருப்பை அறுவையும்

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் கானமுயல் ஒன்று வருகிறது. அம்முயல் வேறு, இன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் வட்டாரத்து வீட்டுக் கொல்லைகளிலும் பிள்ளைகளின் செல்லமாக வளரும் முயல் வேறு. கானமுயலின் குட்டி உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் வளைதோண்டி வாழ்ந்த இனத்தின் வழிவந்தது இஃது. இதனைக் குழிமுயல் என்றும் வழங்குவர். கானமுயலைப் பற்றி இலக்கியம் தந்த அறிவு, வீட்டுக் கூண்டிலுள்ள முயலுக்கு நோய் வரும்போது பயன்படுவதில்லை.

நன்கு பேணப்படும் வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுவரை வாழக்கூடும். பெண் முயலுக்கு இவ் வாழ்நாளின் நடுவிலேயே ஓர் இடர் காத்திருக்கிறது. அதுதான் கருப்பைப் புற்று. அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த கிரீன், சாக்ஸ்டன் என்னும் இருவர் 1938இல் முயலின் கருப்பைக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினர். பின்வந்த ஆய்வுகளையும் சேர்த்து நோக்கினால், சில குடிவழிகளில் மூன்று நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களுள் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்நோய் கண்டமை புலனாகும். எல்லாக் குடிவழிக்கும் இவ்வளவு பொருந்தும் என்பதற்கில்லை. எனினும் வயது ஏற ஏற இடரும் ஏறுகிறது என்பதில் ஐயமில்லை. குட்டி ஈன்ற முயலுக்கு இந்நோய் வாராது என்று கருதுவோரும் உளர். ஈன்றதும் ஈனாததும் இரண்டுமே இதற்கு ஆளாகின்றன.

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். இங்குதான் வீட்டார் ஏமாறுகின்றனர். உண்ணும் கீரையைப் பொறுத்து, நலமான முயலின் சிறுநீரே செங்கல் நிறமாக இருப்பதுண்டு. அதனைக் கண்டு பழகியவர்கள் உண்மையான குருதியைக் கண்டபோதும் 'கீரைச் சாயம்' என்று விட்டுவிடுவர். வேறு சிலர் பெண் நாய்க்கு உள்ளதுபோல் இதற்கும் ஒரு பருவக் குருதி உண்டு என்று எண்ணுவர். முயலுக்கு அத்தகைய குருதிப்போக்கு இல்லவே இல்லை. ஆணோடு கூடிய பின்பே, ஏறத்தாழப் பத்து மணி நேரத்தில், அதன் சூலகத்திலிருந்து கருமுட்டை வெளிப்படும். ஆகவே சிறுநீரில் குருதி கண்டால் அது நோயே. சாயமா குருதியா என்பதை மருத்துவர் ஒரு சோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்து நொடியில் கூறிவிடுவார்.

இப் புற்று மெல்ல வளரும் இயல்பினது. கருப்பையோடு நிற்கும் காலத்தில் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டால் முயல் பிழைத்துக்கொள்ளும். நுரையீரலுக்குப் பரவிய பின் அறுவையால் பயனில்லை. நான்கு முதல் ஆறு மாத வயதில் இவ்வறுவையைச் செய்துவிடுவதே எளிது. ஐந்து வயதான முயலை வைத்திருப்பவர் என் செய்வது என்பதே கேள்வி.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவ நிலையங்களில் ஒரு பெருங்கணக்கு எடுக்கப்பட்டு, 2008இல் வெளிவந்தது. மயக்க மருந்து பெற்ற முயல்களுள் நூற்றுக்கு 1.39 இறந்தன. நாய்களில் இது 0.17, பூனைகளில் 0.24. முயலுக்கு இடர் மிகுதி என்பது தெளிவு. ஆனால் அக்கணக்கை மேலும் பகுத்துப் பார்த்தல் வேண்டும். நலமான முயல்களில் இறந்தவை 0.73, நோயுற்ற முயல்களில் 7.37. பத்து மடங்கு வேறுபாடு! வயதைக் கண்டு அஞ்சி அறுவையைத் தள்ளிப்போட்டு, குருதி கண்ட பின் ஓடுவோர் தம் முயலை முதல் கணக்கிலிருந்து இரண்டாம் கணக்கிற்கு மாற்றிவிடுகின்றனர். வயது மட்டும் தடையாகாது. அவ்வயதில் உடல் எந்நிலையில் உள்ளது என்பதே தடையாகலாம்.

அதனை அறியவே முன்னாய்வு. முதிய முயலுக்கு இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் ஈரலும் நோக்கப்படும். புற்று பரவியுள்ளதா என அறிய மார்பின் எக்ஸ்ரே எடுக்கப்படும். கடைவாய்ப் பற்களும் சோதிக்கப்படும். பல்வலியால் ஏற்கெனவே குறைவாக உண்ணும் முயல் அறுவைக்குப் பின் அறவே உண்ணாது போகும். உடல் பருமனும் ஒரு தொல்லை. கருப்பையைத் தாங்கும் சவ்விலேயே முயல் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். குருதிக் குழாய்கள் அக் கொழுப்பினுள் மறைந்துவிடும். ரொட்டியும் பிஸ்கட்டும் தின்று பருத்த முயலுக்குச் சில வாரம் புல்லே உணவாகக் கொடுத்து மெல்ல இளைக்கச் செய்தபின் அறுப்பது நன்று. குளிர்நாட்டு உலர்புல் விலை மிகுதி எனில், மாட்டுக்கு இடும் நேப்பியர் புல்லையும் கழுவிக் கொடுக்கலாம். நோய்க்குறி தோன்றிவிட்ட முயலுக்கோ இந்தக் காத்திருப்புத் தகாது.

செர்டாங்கில், இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்தில், கால்நடை மருத்துவப் புலம் 1972இல் தொடங்கிற்று. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையும், கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் மருத்துவர் பலரும் உள்ளனர். யாரிடம் செல்லினும் 'முயலுக்கு இவ்வறுவை எத்தனை செய்திருக்கிறீர்கள், முதல்நாள் பட்டினி போடவேண்டுமா?' என்று கேட்டறிதல் நன்று. நாய்க்கும் பூனைக்கும் பட்டினி தேவை. மயக்கத்தில் அவை வாந்தியெடுக்கும். முயலுக்கு வாந்தியெடுக்கும் ஆற்றலே இல்லை. இரவெல்லாம் பட்டினி போட்டால் அதன் குடல் இயக்கம் தளர்ந்து, அதுவே உயிருக்கு உலையாகும். வாயில் உணவு எஞ்சாதிருக்க ஓரிரு மணி நேரம் நிறுத்துதல் போதும். 'இரவே உணவை எடுத்துவிடுங்கள்' என்று விடை வந்தால் வேறு மருத்துவரை நாடுவதில் தவறில்லை.

பயணமும் அறுவையின் ஒரு பகுதியே எனலாம். முயலுக்கு நாயைப்போல் இரைத்து வெப்பம் தணிக்க இயலாது. செவிகளின் வழியே பெரிதும் தணித்துக்கொள்ளும். கோலாலம்பூரின் நண்பகல் வெயிலில், மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுசெல்வது மிகத் தீது. குளிர்ந்த காலை வேளையில், காற்றோட்டமுள்ள பெட்டியில், துணிசுற்றிய குளிர்நீர்ப் புட்டியோடு காரில் செல்க. அறுவைக் கூடத்தினுள்ளோ நிலைமை தலைகீழ். குளிர்சாதனமும் மயக்க மருந்தும் சேர்ந்து உடல்வெப்பத்தைக் குறைத்துவிடும். வெளியே வெயிலுக்கு அஞ்சிய முயலுக்கு உள்ளே வெப்ப விரிப்பு இட வேண்டியிருக்கிறது.

மயக்கத்தால் இறந்த முயல்களுள் பெரும்பாலானவை கத்தியின் கீழ் இறக்கவில்லை. அறுவை முடிந்து விழித்தெழும் பொழுதிலேயே இறந்தன என்பதும் மேற்கூறிய கணக்கில் கண்டதே. ஆதலால் முயல் நன்கு விழித்து, உணவை நாடும் வரையில் மருத்துவ நிலையத்திலேயே இருத்தல் நலம். வலியுள்ள முயல் கத்தாது. மூலையில் குந்திப் பல்லை நறநறவென்று கடிக்கும், உணவை மறுக்கும். வலிநீக்கி மருந்தை வீட்டிலும் சில நாள் கொடுக்குமாறு மருத்துவர் தருவார். அதனை 'முயல் தேறிவிட்டதே' என்று இடையில் நிறுத்தலாகாது. வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது அதனினும் கொடிது. மனிதர்க்கு நன்மை செய்யும் அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து முயலும் மடியும்.

வீடு திரும்பிய அன்றிரவு எண்ணத் தக்கவை புழுக்கைகள். முதலில் சிலவும் சிறியவுமாக வரும்; பின் பெருகும். மறுநாள் காலைவரை ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால், அரைத்த தீனியை நீரில் கரைத்து ஊசியில்லாப் பீச்சுகுழலால் கடைவாயில் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். தையல்கள் பெரும்பாலும் தோலுக்கடியில் போடப்படும். வெளியில் இருப்பின் பல்லால் பிய்த்துவிடும். கழுத்துக் கூம்பை மருத்துவர் கட்டாயம் என்றாலன்றி மாட்டாதிருப்பது நல்லது. முயல் தன் மென்புழுக்கையைத் தானே உண்டு சத்துப் பெறுவது, அதற்குக் கூம்பு இடையூறு. மரத்தூளை நீக்கிப் பத்து நாள் தூய துணியோ பழைய நாளிதழோ விரிக்கலாம். கூட வளர்ந்த துணை முயல் அமைதியானதாயின் மருத்துவமனைக்கு உடன் கொண்டுசெல்வதும் உண்டு. பிரிந்திருந்தால் புதுவாடை பட்டுத் திரும்பும் தோழியை அது அடையாளங் காணாமல் சண்டையிடக்கூடும்.