வளரும் குடும்பமும் வளராத வீடும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட லயங்களின் விரிவாக்கம் பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வைப் பற்றி எழுதுவோர் ஊதியம், கல்வி, தொழிற்சங்கம், சமயம் ஆகியவற்றைப் பெரிதும் பேசியுள்ளனர். அவ்வாழ்வு நடந்தேறிய வீட்டைத் தனியொரு பொருளாக எடுத்துக்கொண்டு பேசுவது குறைவு. ஒரு குடும்பம் எவ்வளவு இடத்தில் உறங்கியது, பிள்ளைகள் பெருகியபோது அவ்விடத்தை எவ்வாறு பெருக்கிக்கொண்டது, பெருக்கிய பகுதி யாருக்கு உரியதாயிற்று என்னும் வினாக்கள் சிறியனபோல் தோன்றினும், தோட்டச் சமூகத்தின் நிலையை அறிய இன்றியமையாதன. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நடுவாகக் கொண்டு, லயத்து வீட்டின் விரிவாக்கத்தை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். ஒப்பீட்டிற்காக இலங்கை மலையகமும் பிற நாட்டு வீடமைப்பு முயற்சிகள் சிலவும் எடுத்தாளப்படுகின்றன.

மலைத்தோட்டங்களின் தோற்றம்

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைப் பற்றி அறிவித்தார். அவர் பெயரையே இம்மலை தாங்கி நிற்கிறது. ஆயினும் தோட்டத் தொழில் இங்கு வேரூன்றியது 1920களின் இறுதியில்தான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி முதலான தோட்டங்களும் இம்மலைத் தேயிலை வரலாற்றில் இடம்பெறுவன.

தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை அமைந்த காலமும் இதுவே. அச்சாலை வழியாகத் தேயிலைக் கன்றும் தகரத் தகடும் மட்டுமல்லாமல் வீட்டைப் பற்றிய ஒரு கருத்தும் மலையேறியது. ரப்பர் தோட்டங்களிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் முன்பே நிலைபெற்றிருந்த லயமே அக்கருத்து. தொழிலாளியை ஓர் ஆளாகக் கணக்கிட்டு, பல ஆட்களை ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடியமர்த்துவதற்கென அமைந்த கட்டடம் அது. வந்தவர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவார் என்பது அதன் உள்ளார்ந்த எதிர்பார்ப்பு. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவியுடன் அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் போரும் வந்தது. போவதும் வருவதும் குறைந்து, தங்கியவர் குடும்பமாயினர். குடும்பம் தலைமுறையாயிற்று. கட்டடம் மட்டும் பழைய எதிர்பார்ப்பிலேயே நின்றுவிட்டது.

பெயர்கள் உணர்த்துவது

'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே லயன் என்றும் லயம் என்றும் தமிழொலி பெற்றது. லயத்து அறையை இலங்கை மலையகத்தார் 'காம்பரா' என்பர். இது போர்த்துகீசிய மூலமுடையது. முன்கூடத்தை அவர்கள் 'இஸ்தோப்பு' என்பர். இது ஒல்லாந்தர் வழி வந்தது. மலேசியத் தமிழில் வழங்கும் 'அஞ்சடி' ஆங்கில வழக்கின் மொழியாக்கம். 'அத்தாப்பு' மலாய்ச் சொல். 'குசினி'யும் போர்த்துகீசியச் சொல்லே. இவற்றோடு வாசல், அடுப்படி, திண்ணை, சாமி மேடை முதலான சொற்களையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தோட்டம் கட்டிக்கொடுத்த பகுதிகளுக்கு இரவற் சொற்கள் மிகுதி. குடும்பம் தன் கையால் ஆக்கிக்கொண்ட பகுதிகள் பெரும்பாலும் தமிழ்ப்பெயர் பெறுகின்றன. குசினி போன்ற விலக்குகள் உண்டெனினும் இப்போக்கு வகுப்பறையில் மாணவர்க்குச் சுட்டிக்காட்டத்தக்கது.

லயம் தமிழரின் வீட்டு மரபோடு பொருந்தாத இடமும் ஒன்றுண்டு. சமையலுக்குத் தென்கிழக்காகிய அக்கினி மூலையும் வழிபாட்டிற்கு வடகிழக்காகிய ஈசானிய மூலையும் உரியன என்பது மனையடி மரபு. ஒரு கூரையின்கீழ் முதுகோடு முதுகாக இரு வரிசை அறைகளைக் கொண்ட இரட்டை லயத்தில் ஒரு வரிசை கிழக்கு நோக்கினால் மறுவரிசை மேற்கு நோக்கும். இருவர்க்கும் ஒரே மரபு பொருந்த வழியில்லை. ஆகவே தமிழ்க் குடும்பம் மரபைச் சுவரில் காணாது, சாமி மேடையிலும் வாசற்கோலத்திலும் காத்துக்கொண்டது.

விரிவாக்கத்தின் படிநிலைகள்

லயத்து அறையின் அளவு எல்லா இடத்தும் ஒன்றன்று. இலங்கையில் பரவலாகக் குறிக்கப்படும் 10 அடிக்கு 12 அடி என்னும் அளவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பரப்பு 120 சதுர அடி. பெற்றோர், பாட்டி, பிள்ளைகள் மூவர் என அறுவர் இருப்பின் ஆளுக்கு 20 சதுர அடி. இதற்கு என்ன செய்யலாம்?

முதற்படியில் வீடு வளர்வதில்லை, பிரிக்கப்படுகிறது. பழைய சேலை ஒன்று திரையாகி அறையை இரண்டாக்கும். ஆயாக்கொட்டகை குழந்தைகளைப் பகலில் ஏற்றுக்கொண்டதால் வீடு பெரும்பாலும் இரவுக்குரிய இடமாக இருந்ததையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும்போது திரை போதாமற் போகிறது.

இரண்டாம் படியில் முன்கூடம் அடைபடுகிறது. பலகையோ தகரமோ கொண்டு அதனை மூடினால் 10 அடிக்கு 5 அடி, அதாவது 50 சதுர அடி கிடைக்கும். செலவு குறைவு. ஆனால் அயலாருடன் பேசியிருந்த பொது இடம் மறைந்துவிடுகிறது.

மூன்றாம் படியில் பின்புறம் சாய்ப்பு இறக்கப்படுகிறது. சமவெளியில் பின்கட்டுச் சமையல் திறந்த வெளியில் நடந்தாலும் பெருங்கேடில்லை. மலைக்குளிரிலோ அடுப்படியே வீட்டின் வெதுவெதுப்பான இடம். ஈரத்துணி காய்வதும் கிழவர் குளிர்காய்வதும் அங்கேதான். பின்புறம் 8 அடி நீட்டினால் 80 சதுர அடி கூடுகிறது. மொத்தம் 250 சதுர அடி. ஆளுக்கு ஏறத்தாழ 42.

நான்காம் படி அரிதானது. பக்கத்து வீடு காலியானால் இடைச்சுவரில் வழி திறந்து இரண்டையும் ஒன்றாக்குவது அது. இதற்குத் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும்.

கூடிய பரப்பும் குறைந்த வெளிச்சமும்

பரப்பு இருமடங்காவதால் வாழ்வும் இருமடங்கு சிறந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. லயத்தின் பக்கச் சுவர்கள் அயலாருக்கும் பொதுவானவை. அங்கே சன்னல் வைக்க இயலாது. காற்றும் ஒளியும் முன்னும் பின்னுமே வந்தாக வேண்டும். முன்கூடத்தை அடைத்துப் பின்புறமும் சாய்ப்பு இறக்கினால் முதலில் இருந்த அறை வெளியுலகைக் காணாத நடுவறையாகிவிடும். விறகடுப்பாயின் புகையும் அங்கேயே தங்கும். பள்ளிப்பிள்ளை பாடம் படிக்க வேண்டிய இடமும் பெரும்பாலும் அதுவே என்பது ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

கூரையின் கணக்கும் இவ்வாறே. இறவாணம் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் இருந்து, கூரை 4 அடிக்கு 1 அடி வீதம் சரிவதாகக் கொள்வோம். அதே சரிவில் 8 அடி நீட்டினால் சாய்ப்பின் ஓரம் 2 அடி தாழ்ந்து 6 அடியில் வந்து நிற்கும். ஆள் நிமிர்ந்து நடக்க இடம் குறைவு. சரிவைக் குறைத்தால் மழைநீர் தகட்டின் இணைப்புகளில் உட்புகும். சாய்ப்பின் கூரையைப் பழைய இறவாணத்திற்குச் சற்று மேலே தொடங்கி இடைவெளி விடுதலும், நடுவறைக்கு மேலே ஒளி புகும் தகடு ஒன்றைப் பதித்தலும் எளிய தீர்வுகள்.

இவற்றினும் பெரிய இடர் மண்ணில் உள்ளது. மலைத்தோட்டத்தில் லயம் நிற்பதற்குச் சரிவை வெட்டித் தட்டாக்குவர். பின்புறம் வெட்டுமண் சுவர்போல் நிற்கும்; முன்புறம் கொட்டிய மண் இருக்கும். பின்னே விரிப்பதற்காக அச்சரிவின் அடியைத் தோண்டினால் மேலுள்ள மண் தாங்கலை இழக்கும். நீர்க்கானை மூடி அதன்மேல் அடுப்படி கட்டினால் மழைநீர் போக்கிடமின்றிச் சரிவிலேயே ஊறும். முன்னே விரித்தால் கொட்டுமண் அமிழ்ந்து தளம் வெடிக்கும். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. புளூ வேலிப் பகுதியில் 2024 சனவரியில் நிகழ்ந்த மண்சரிவு மியன்மார்த் தொழிலாளர் ஐவரின் உயிரைப் பறித்தது. இவ்விரு நிகழ்வுகளையும் வீட்டு விரிவாக்கத்தின் விளைவென நாம் கூறவில்லை. சரிவின் அடியில் குடியிருப்போர் ஒரு மண்வெட்டியைக்கூட ஆராய்ந்தே எடுக்க வேண்டும் என்பதற்கு இவை சான்றாகின்றன.

விரித்த வீடு யாருடையது?

மலேசியாவில் தோட்ட வீடமைப்பின் குறைந்த அளவு நெறிகளை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வகுத்தது. குழாய்நீர், மின்வசதி ஆகியவற்றை அளித்தலும் கட்டடத்தை நன்னிலையில் பேணுதலும் முதலாளியின் கடமையாயின. 2019இல் இச்சட்டம் திருத்தப்பெற்று 2020இல் நடைமுறைக்கு வந்தபோது ஏனைய துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களும் அதன் வரம்பிற்குள் வந்தன. பொது விடுதியில் உறங்குமிடம் ஆளுக்கு 3 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 32 சதுர அடி இருத்தல் வேண்டும் என்பது அதனையொட்டிய விதி. நாம் மேலே கண்ட 20 சதுர அடியோடு இதனை ஒப்பிடலாம். எனினும் இவ்விதி தனியாளின் கட்டிலை அளவாகக் கொண்டது. பிள்ளை பெற்று, மருமகள் வந்து, பேரன் பிறக்கும் குடும்பத்தின் வளர்ச்சியை அளப்பதற்கு அது எழுதப்படவில்லை.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கட்டடத்தில் சேர்க்கை செய்வதற்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவர் நில உடைமையாளரே, குடியிருப்பவர் அல்லர். மண்ணில் ஊன்றியது மண்ணுக்குரியவர்க்கே சேரும் என்பது நிலச் சட்டத்தின் பொதுக் கோட்பாடு. எனவே தொழிலாளி தன் சேமிப்பில் எழுப்பிய அடுப்படி, அதனை எழுப்பிய நாளிலேயே பிறருடைமை ஆகிவிடுகிறது. வேலையோடு பிணைந்த வீடாதலால், ஓய்வு பெறும் வயதில் வீட்டையும் ஒப்படைக்க நேர்கிறது. உழைத்துச் சேர்த்த பணத்தைச் சுவரில் போட்ட குடும்பம், தனக்கென வீடு வாங்க வேண்டிய வயதில் வெறுங்கையோடு நிற்கும் அவலம் இங்கே பிறக்கிறது. போடாதிருந்த குடும்பமோ அத்தனை ஆண்டுகளும் இடநெருக்கடியில் வாழ்ந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய நிலை தொழிலாளிக்கு நேர்வது நீதியாகாது.

வளர இடம்கொடுத்த வீடுகள்

குடும்பத்தோடு வளரும் வீடு என்பது கட்டடக் கலைஞர் சிலரின் கருத்தைக் கவர்ந்ததே. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களில் சார்லஸ் கொரியா வகுத்த குடியிருப்பில் வீடுகள் பொதுச்சுவரின்றித் தனித்து நின்றன. அவரவர் தம் மனையில் விரித்துக்கொள்ள இயன்றது. இந்தூரின் ஆரண்யாவில் பி. வி. தோஷி அடித்தளத்தையும் கழிவறை முதலிய அடிப்படைகளையும் அமைத்து, மற்றதைக் குடியிருப்போர் கட்டிக்கொள்ள விட்டார். சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் 2004இல் அலெகாந்திரோ அரவேனா ஏறத்தாழ 100 குடும்பங்களுக்குப் பாதி வீட்டைக் கட்டி, மறுபாதிக்கு இடம் விட்டார். மூன்றுக்கும் பொதுவானது மனையுரிமை.

இலங்கை மலையகத்தில் லயத்துக்கு மாற்றாக 7 பேர்ச் மனையில் தனி வீடு என்னும் கொள்கை உருவாயிற்று. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியத் தலைமையமைச்சர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் இதன்பாற்பட்டன. நிறைவேற்றத்தில் தாமதங்கள் இருந்தாலும், தனி மனை என்னும் கொள்கை கருத்தில் கொள்ளத்தக்கது.

முடிவுரை

லயத்தின் விரிவாக்கத்தைச் சிலர் ஒழுங்கற்ற ஒட்டுவேலையாகக் காண்பர். ஆட்களுக்கென அமைந்த கட்டடத்தைக் குடும்பத்திற்கென மாற்றிய நீண்ட முயற்சியாகவே நாம் அதனைக் காண்கிறோம். இதன்வழி மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். புதிய தோட்ட வீடுகளை வகுக்கும்போதே சரிவுக்குக் கேடின்றி விரிக்கத்தக்க பக்கத்தை நிருவாகம் குறித்துக் கொடுத்தல் நலம். ஒப்புதலுடன் தொழிலாளி செய்த சேர்க்கையை எழுத்தில் பதிந்து, அவர் விடைபெறும் நாளில் அதற்கீடான தொகையை வழங்குதல் முறை. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர்களைக்கொண்டு தத்தம் வீட்டின் வரைபடத்தை வரையச் செய்து, எப்பகுதி எந்த ஆண்டில் யாருக்காகச் சேர்க்கப்பட்டது எனக் குறிக்கச் செய்தல் அரிய ஆவணமாகும். பாட்டிக்கு ஒரு சாய்ப்பு, அக்காளுக்கு ஒரு தடுப்பு, அண்ணன் திருமணத்திற்கு ஓர் அறை என்று அவ்வரைபடம் காட்டும் வரலாறு வேறெந்தப் பதிவேட்டிலும் கிடைப்பதன்று. பழைய லயங்கள் இடிக்கப்படுவதற்கு முன் அப்பணி தொடங்குதல் வேண்டும்.