ஏரிக்கரையில் ஒரு ரேடியோ முகாம்

புயல் கரையேறும் இரவில் மின்சாரம் நின்றுவிடுகிறது. கைப்பேசிக் கோபுரமும் அதன் பாட்டரி தீர்ந்தவுடன் ஊமையாகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது சென்னையைச் சூழ்ந்த பகுதிகள் இந்நிலையை அனுபவித்தன. அத்தகைய வேளையில் கோட்டைக்குப்பம் போன்ற ஏரிக்கரைப் பஞ்சாயத்து ஒன்று பொன்னேரிக்கு எவ்வாறு செய்தி அனுப்பும்? இதற்குரிய வழிகளுள் ஒன்று 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி.

பொழுதுபோக்காக இதனைப் பயில்வோர் மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி லைசென்ஸ் பெறுகின்றனர். பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் தேர்வு எழுதலாம். ஆண்டில் ஓரிரு நாள் திறந்தவெளியில் கூடி, ஊர் மின்சாரத்தை நாடாமல் நிலையம் அமைத்துப் பேசிப் பழகுவது அவர்கள் வழக்கம். அமெரிக்காவில் இதற்கென ஜூன் மாதத்தின் நான்காவது வார இறுதியை ஒதுக்கியுள்ளனர்.

இது வெறும் கேளிக்கை என்று தள்ளிவிடலாகாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர், உலக ஹாம்களுடன் உரையாடுவதற்காகவே, அரசு அனுமதி பெற்று அந்தமானிலுள்ள போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தனர். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கிற்று. பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஏரியலே தீவுக்கும் தாயகத்துக்கும் இடையே செய்திகளைச் சுமந்தது. உறவினரின் நிலையறியாது தவித்த பல குடும்பங்களுக்கு அதன் வழியே தகவல் கிட்டியது.

நம் ஏரிக்கரையில் முகாம் நடத்த ஜனவரி மாதமே ஏற்றது. வடகிழக்குப் பருவமழையும் இடியும் ஓய்ந்திருக்கும். லைசென்ஸ் பெற்ற ஹாம்களே கருவியை இயக்க வேண்டும். பஞ்சாயத்து இடமும் ஆளும் உதவலாம். காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். ஸ்ரீஹரிக்கோட்டா அருகிலிருப்பதால் ராக்கெட் ஏவும் நாட்களைத் தவிர்ப்பது நலம். பூநாரைகள் வரும் பருவமாதலால் வனத்துறையினரையும் கலந்து, பறவைகள் இறங்கும் இடங்களுக்கு விலகியே கம்பி கட்ட வேண்டும்.

ஏரியல் அமைப்பதில் பெருஞ்செலவில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி போதும். அதனை நடுவில் பிரித்து, பக்கத்துக்குப் பத்து மீட்டராக, இரண்டு சவுக்குக் கழிகளில் பத்து மீட்டர் உயரத்தில் கட்டலாம். உயரம் குறைவு என்று வருந்த வேண்டியதில்லை. தாழ்ந்த ஏரியல் அலையை மேல்நோக்கி அனுப்பும். அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் வந்து விழும். நமக்கு வேண்டியதும் அதுவே. தொலைதூரம் பேச விரும்புவோர் நீர் விளிம்பில் ஒரு கழியை நட்டுச் செங்குத்தாகக் கம்பி கட்டலாம். வயலைக் கெடுக்கும் உவர்நீர் இதற்குப் பேருதவி செய்கிறது! ஆயினும் அதே உப்புக்காற்றும் பனியும் இணைப்புகளை அரிக்கும். அவற்றை நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். மின்வாரியக் கம்பிகளின் அருகில் ஏரியலைக் கொண்டு செல்லவே கூடாது. இழுகயிறுகளில் சிவப்புத் துணி கட்டாவிடில் இருட்டில் குழந்தைகள் தடுக்கி விழுவர்.

மின்சாரக் கணக்கைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். நூறு வாட் கருவி பேசும்போது சுமார் 20 ஆம்பியரும், கேட்கும்போது ஒன்று அல்லது ஒன்றரை ஆம்பியரும் இழுக்கும். கால் பங்கு நேரம் பேசினால் சராசரி 6 ஆம்பியர். டிராக்டரில் வைக்கும் வகைப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. ஆகவே 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி எட்டு மணி நேரமே தாங்கும். ஓர் இரவுக்கு இரண்டு வேண்டும். ஜெனரேட்டர் வைப்பதாயின் தள்ளி வைக்க வேண்டும். அதன் இரைச்சல் காதுக்குத் தொல்லை. மின் இரைச்சலோ ரேடியோவுக்கே தொல்லை. ஒலிபெருக்கி இம்முகாமுக்குத் தேவையே இல்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வேடிக்கை பார்த்துத் திரும்பிவிடாமல், செய்தி எழுதப் பழக வேண்டும் என்பது நம் கருத்து. "உதவி உடனே தேவை" என்பதால் பயனில்லை. எந்தக் குப்பம், எத்தனை பேர், முதியோரும் குழந்தைகளும் எத்தனை, படகு வேண்டுமா மருந்து வேண்டுமா, எழுதிய நேரம் என்ன, எழுதியவர் யார் என்பன இருபத்தைந்து சொற்களில் அடங்க வேண்டும். ஹாம் அதை வாசிக்க, மறுமுனையிலிருப்பவர் திரும்ப வாசிக்க, எண்கள் பிசகின்றி வந்தனவா என்று எழுதியவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்பயிற்சியைப் பகலில் ஒருமுறையும் நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையும் செய்ய வேண்டும். பகலில் தெளிவாகக் கேட்ட அருகூர்க் குரல்கள் பின்னிரவில் 7 மெகாஹெர்ட்ஸில் மறைந்துவிடுவதுண்டு, அப்பொழுது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கு ஏரியல் இரட்டை நீளம் தேவைப்படுமாதலால், நாற்பது மீட்டர் கம்பியையும் முன்னதாகவே வெட்டிச் சுருட்டி வைத்துக்கொள்வது நல்லது.