சென்சார் மாற்றியும் மீண்டும் எரியும் என்ஜின் விளக்கு

காய்கறியும் பூவும் விடியுமுன் சந்தை சேரவேண்டிய நாளில், வண்டியின் முன்பலகையில் என்ஜின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால் குடியானவருக்கு உண்டாகும் கவலை சிறிதன்று. பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லுகிறார்கள். புதிய சென்சார் பூட்டப்படுகிறது; விளக்கும் அணைகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. வாங்கிய சாமான் போலி என்று ஒருவரும், பூட்டியது சரியில்லை என்று மற்றொருவரும் கூற, இரண்டாவது சென்சாரும் வாங்கப்படுகிறது. இவ்விதச் செலவு பெரும்பாலும் வீண் செலவேயாகும்.

சென்சாரின் வேலை இன்னதென்று அறிந்தால் இது விளங்கும். பெட்ரோல் என்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்து வெளிவரும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் புகைக்குழாயிலுள்ள சென்சார் அறிந்து கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது. சாதாரண வகைச் சென்சாரில், பிராணவாயு மிகுந்திருந்தால் 0.1 வோல்ட் அளவிலும், குறைந்திருந்தால் 0.9 வோல்ட் அளவிலும் மின்சாரம் தோன்றும். கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் வரும். அவ்விதம் திருத்தியும் அளவு கட்டுக்கடங்காவிடில், ஒரு குறியெண்ணைப் பதிந்து விளக்கை ஏற்றுகிறது.

ஆகவே பி 0171 என்ற எண்ணுக்கு, கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருப்பதாகத் தோன்றுகிறது என்பதே பொருள். சென்சார் கெட்டது என்பது அதன் பொருளன்று. நெற்பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாயிருக்கலாம், துத்தநாகக் குறைவாயிருக்கலாம், நீர் வடியாமையாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் யூரியாவையே இறைக்கும் குடியானவரை யாரும் மெச்சமாட்டார்கள். பட்டறையில் குறியெண்ணைப் பார்த்தவுடன் சென்சாரைக் கழற்றுவதும் இதற்கு ஒப்பானதே.

அப்படியானால் விளக்கு மூன்று நாள் அணைந்திருந்தது ஏன் எனக் கேட்கலாம். ஸ்கேனரால் குறியெண்ணை அழித்ததே அதற்குக் காரணம். பெரும்பாலான பழுதுகள், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் காணப்பட்ட பின்னரே விளக்கை ஏற்றும். சில சுயபரிசோதனைகளோ, என்ஜின் நன்கு குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறி, பின் சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால்தான் நடைபெறும். வரப்போரப் பாதையில் கொஞ்ச தூரம் ஓடும் வண்டிக்கு இதற்குப் பல நாள் பிடிக்கலாம். பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு அணையும். அதனால் பழுது நீங்கிவிட்டதென்று மகிழ்வது பிசகு.

குறியெண்ணை அழிக்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. பழுது தோன்றிய கணத்தில் என்ஜினின் சுழற்சி எவ்வளவு, சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்பனவற்றைக் கம்ப்யூட்டர் தானே பதிந்து வைத்திருக்கும். அழித்தால் இவையும் அழியும். பஞ்சாயத்து வண்டிகளுக்குப் பதிவுப் புத்தகம் வைத்திருக்கும் அதிகாரிகள், குறியெண்ணோடு இவற்றையும் எழுதிவைக்கச் செய்தல் நலம்.

இனி மூலகாரணங்களைப் பார்ப்போம். முதலில் ஐயுறவேண்டியது, என்ஜினுக்கும் சென்சாருக்கும் இடையே புகைக்குழாயிலுள்ள கசிவாகும். புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், இரு துடிப்புகளுக்கிடையே வெடிப்பின் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அக்காற்றிலுள்ள பிராணவாயுவை உள்ளவாறே தெரிவிக்கிறது. கம்ப்யூட்டரோ கலவையில் காற்று மிகுந்ததென எண்ணி மேன்மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் குறைகிறது; பிளக்குகள் கரியேறுகின்றன. புதிய சென்சாரும் இதையேதான் சொல்லும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று கேட்கும் ஓசை சூடேறியபின் மறையுமானால், குழாய் இணைப்பில் கசிவு உண்டென்று சந்தேகிக்கலாம். இணைப்பருகே கரிக்கோடு படிந்திருப்பதும் ஓர் அடையாளம்.

அடுத்தது, என்ஜின் காற்றை இழுக்கும் பக்கத்திலுள்ள ரப்பர் குழாய்கள். வெயிலாலும் சூட்டாலும் வெடித்த குழாய் வழியே கணக்கில் வராத காற்று புகும். இதை ஸ்கேனரிலேயே அறியலாம். உதாரணமாக, என்ஜின் மெதுவாகச் சுழலும்போது நூற்றுக்கு 20 பங்கு பெட்ரோல் அதிகம் கேட்டு, நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் அது 5 பங்காகக் குறைந்தால் குழாய்க் கசிவைத் தேடவேண்டும். மாறாக, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது குறைபாடு மிகுமானால், பெட்ரோல் பம்பு, பில்டர், காற்றளக்கும் சென்சாரில் படிந்த அழுக்கு இவற்றைப் பார்க்கவேண்டும்.

குறியெண் பி 0135 ஆயின், அது சென்சாருக்குள் இருக்கும் சூடேற்றியின் மின்சுற்றைப் பற்றியது. பியூஸ், ஒயர், கனெக்டர் மூன்றையும் பாராமல் சென்சாரைக் குற்றம் சொல்லலாகாது. வைக்கோற்போர் அருகிலும் நெல்மூட்டைக் கொட்டகையிலும் நிறுத்தப்படும் வண்டிகளில் எலி ஒயரைக் கடித்திருப்பது அபூர்வமன்று. சில வண்டிகளில் கன்வெர்ட்டருக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாகச் சென்சார்கள் இருப்பதால், கெட்டதை விட்டு நல்லதை மாற்றிவிடுவதும் உண்டு. உண்மையில் கெட்டதா என்று காண வழி எளிது: என்ஜின் சூடேறியபின் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென அழுத்தினால் முன் சென்சாரின் வோல்ட் ஏறவேண்டும், விட்டால் இறங்கவேண்டும். சுறுசுறுப்பாய் ஏறியிறங்குவதை மாற்றுவானேன்?

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுமானால் விஷயம் வேறு. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறதென்பது அதன் பொருள். அப்பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை மிதமிஞ்சிச் சூடாக்கிப் பாழாக்கும். அந்நிலையில் வண்டியைக் களத்து வைக்கோல்மீதோ காய்ந்த புல்மீதோ நிறுத்தினால் தீப்பற்றக்கூடும். உடனே வெறுந்தரையில் நிறுத்தி, பிளக்கையும் காயிலையும் பார்க்கச் சொல்லவேண்டும். எரியாத சிலிண்டரின் பிராணவாயுவும் புகையில் சேர்வதால், இதிலும் பழி சென்சார் மீதே விழுகிறது.

பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தபின் விற்பனையான டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதன் இருபுறத்து அழுத்தத்தையும் ஒப்பிடும் சென்சாரை மாற்றியும் விளக்கு எரிந்தால், அதற்குச் செல்லும் இரண்டு சிறு குழாய்களில் வெடிப்போ அடைப்போ உள்ளதா என முதலில் பார்க்கவேண்டும். அவை சரியாயிருப்பின், வடிகட்டியே நிரம்பியிருக்கலாம். அது தன்னிடம் சேர்ந்த கரியைத் தானே எரிப்பதற்கு நீண்ட ஓட்டமும் நல்ல சூடும் வேண்டும். வீட்டுக்கும் வயலுக்குமாக மட்டும் ஓடும் வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவந்தால், இவ்வடைப்பு பெரும்பாலும் சேராது. முற்றும் அடைத்துக்கொண்டபின் ஓட்டிப் பயனில்லை. பட்டறையில்தான் எரிக்கவோ கழற்றிச் சுத்தம் செய்யவோ இயலும்.