கவனக்குறைவு: குற்றச்சொல்லும் நோய்ப்பெயரும்

வளர்ந்தோரிடமும் காணப்படும் ஏடிஎச்டி, தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' எனப்படுகிறது. சிக்கல் இப்பெயரிலேயே தொடங்குகிறது. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்பகுதிகளில் 'கவனக்குறைவு' என்பது விளக்கம் கேட்கும் குறிப்பாணையின் சொல். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின்கீழ் அமைந்த மாதிரி நிலையாணைகள், வழக்கமான தாமத வருகையையும் பணியில் தொடர்ந்த அசட்டையையும் ஒழுங்கீனம் என்றன. இக்குறைபாடு பணியிடத்தில் வெளிப்படுவதும் பெரும்பாலும் இவ்வாறே. ஆயின் பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது டிஎஸ்எம்-5 (2013) வரையறை. அலட்சியத்திற்கு இத்தகைய வரலாறு தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் (2016) 21 வகைப் பட்டியலில் இதன் பெயர் இல்லை. எனவே தொழிலாளி உரிமையாகக் கோருவது கடினம். எஞ்சுவது மேற்பார்வையாளரின் புரிதலே: ஷிப்ட் மாறும்போது வாய்மொழிக்குப் பதில் எழுத்துக் குறிப்பு, சிறு கூறுகளாகப் பகுத்த வேலை, தூக்கத்தைக் குலைக்காத பணிநேரம்.